துப்பாக்கிச் சாவும் புள்ளிவிவரமும்

எண்கள் பொய் சொல்வதில்லை என்பர். உண்மைதான். ஆயினும் கேட்ட கேள்விக்கு மட்டுமே அவை விடை கூறும். கேள்வி கோணினால் விடையும் கோணும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்று பல்லாண்டுகளாக நடந்து வரும் வாதம் இதற்கு நல்ல சான்றாகும். இரு தரப்பாரும் எண்களையே எடுத்துக் காட்டுகின்றனர். ஆனால் எதிரெதிரான முடிவுகளுக்கு வருகின்றனர். அவ்வெண்களை எவ்வாறு படித்தறிவது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

மொத்தமும் விகிதமும்

500 பேர் வாழும் ஒரு தோட்டத்தில் ஓராண்டில் 5 பேர் காய்ச்சலால் மாண்டனர். 50,000 பேர் வாழும் பட்டணத்தில் 50 பேர் மாண்டனர் என்று வைத்துக்கொள்வோம். எந்த இடத்தில் நோய் கொடியது? 50 என்பது 5-ஐ விடப் பெரிதாயினும், தோட்டத்தில் நூற்றுக்கு ஒருவர் மாள, பட்டணத்தில் ஆயிரத்துக்கு ஒருவரே மாண்டார். ஆகவே தோட்டத்தில்தான் நோய் பத்து மடங்கு கொடியது. சிறிய இடத்தையும் பெரிய இடத்தையும் ஒப்பிட மொத்தம் உதவாது, விகிதமே உதவும்.

2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்தவர்கள் 46,728 பேர். அந்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 33 கோடியே 50 இலட்சம். எனவே ஓர் இலட்சம் பேருக்குச் சுமார் 14 பேர் இவ்வாறு மாண்டனர். ஆஸ்திரேலியாவில் இவ்விகிதம் அண்மை ஆண்டுகளில் இலட்சத்துக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்து வந்துள்ளது. பெரிய நாடாதலால் அமெரிக்காவில் சாவும் மிகுதி என்று சமாதானம் கூற இவ்வொப்பீடு இடந்தரவில்லை. அமெரிக்கப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல் என்று 2018-இல் வெளிவந்த உலகக் கணக்கு ஒன்று மதிப்பிட்டது. அங்கே ஆட்களைவிடத் துப்பாக்கிகளே அதிகம்.

தொகைக்குள் இருப்பவர் யார்?

மேற்சொன்ன 46,728 பேரையும் கொலையுண்டவர்கள் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. அவர்களுள் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 17,927 பேர். விபத்து, காவலர் சுட்டது, காரணம் துணியப்படாதது ஆகியவை சேர்ந்து எஞ்சிய 1,501. அஃதாவது, நூற்றுக்கு 58 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள்.

இந்த இடத்தில் இரு தரப்பாரும் தடுமாறுகின்றனர். கட்டுப்பாடு வேண்டுவோரிற் சிலர் முழுத் தொகையையும் கூறிவிட்டுக் கொலைகாரனைப் பற்றியே பேசுகின்றனர். வேண்டாதவர்களிற் சிலரோ, தற்கொலையைக் கழித்துவிட்டால் பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்கின்றனர். கழிக்கப்படுபவர்களும் மனிதர்களே அல்லவா? தந்தையும் மகனும் தோழனும் அந்த 27,300-க்குள் இருக்கின்றனர்.

“சாகத் துணிந்தவனுக்குத் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி” என்ற கூற்று கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் அது நிலைப்பதில்லை. இஸ்ரேல் இராணுவத்தின் இளம் வீரர்கள் வார இறுதியில் வீடு செல்லும்பொழுது துப்பாக்கியையும் உடன் கொண்டு செல்வது வழக்கமாயிருந்தது. 2006-இல் அதைப் பாசறையிலேயே விட்டுச் செல்லுமாறு ஏற்பாடு செய்தனர். வீரர்களிடையே தற்கொலை நூற்றுக்கு 40 குறைந்தது. அக்குறைவு பெரும்பாலும் வார இறுதி நாட்களிலேயே நிகழ்ந்தது. மற்ற நாட்களில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. இலங்கையிலும் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின், 1996 முதல் 2005 வரையிலான காலத்தில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

காரணம் என்ன? சாக வேண்டும் என்னும் வேகம் பலருக்குச் சிறிது நேரமே நிற்பது. அந்நேரத்தில் மாற்ற முடியாத கருவி கைக்கு எட்டாவிட்டால் உயிர் பிழைக்கிறது. அவ்வாறு பிழைத்தவருள் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் மாள்வதில்லை என்று ஆய்வுகள் கூறுகின்றன.

கூட்டக் கொலைகள் எத்தனை?

பள்ளியிலோ கடைவீதியிலோ ஒருவன் பலரைச் சுட்டான் என்னும் செய்தியே உலகெங்கும் பரவுகிறது. இத்தகைய நிகழ்ச்சிகள் 2023-இல் எத்தனை நடந்தன? நால்வரோ மேற்பட்டவரோ குண்டடி பட்ட நிகழ்ச்சிகளையெல்லாம் எண்ணினால், அவர்கள் உயிர் பிழைத்திருப்பினும், 600-க்கு மேல் வரும். பொது இடத்தில் மூவரோ மேற்பட்டவரோ மாண்டவற்றை மட்டும் எண்ணினால் இருபதைக்கூட எட்டாது. இரண்டும் பொய்யல்ல, வரையறைதான் வேறு. எனவே எண்ணைக் கேட்குமுன் எதை எண்ணினார்கள் என்று கேட்பது அறிவுடைமை.

எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், ஆண்டு முழுதும் நேரும் துப்பாக்கிச் சாவுகளில் கூட்டக் கொலையால் நேர்பவை மிகச் சிறு பங்கே. ஏனைய கொலைகளுள் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் ஒருவர் இருவராக நிகழ்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறநாட்டார் கேள்விப்படுவதும் இல்லை.

தற்காப்புக் கணக்கு

துப்பாக்கியால் ஆண்டுதோறும் 25 இலட்சம் முறை மக்கள் தம்மைக் காத்துக்கொள்கின்றனர் என்று 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறிற்று. தொலைபேசி வழியாக ஏறத்தாழ 5,000 பேரைக் கேட்டுப் பெற்ற விடை இது. அவர்களுள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரே, கடந்த ஓராண்டில் அவ்வாறு காத்துக்கொண்டதாகக் கூறினர். அதனை நாட்டின் 19 கோடிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கும் பெருக்கினர்.

இதிலுள்ள இடரைக் கவனியுங்கள். நூற்றில் ஒருவர் காலத்தை மறந்தோ பெருமைக்காகவோ தவறாக விடை கூறியிருந்தால், அப்பிழை மட்டுமே 19 இலட்சமாகப் பெருகிவிடும். அமெரிக்க அரசாங்கம் குற்றத்துக்கு ஆளானவர்களைக் கேட்டுத் திரட்டும் கணக்கிலோ, தற்காப்பு நிகழ்ச்சிகள் ஓர் இலட்சம் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் காணப்படுகின்றன. அரிதான ஒன்றைச் சிறு கூட்டத்தில் கேட்டுப் பெருக்கினால் இவ்விதமே நேரும்.

மறு தரப்பின் எண்ணையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி உள்ளவர், வீட்டிலேயே கொலையுண்ணும் அபாயம் 2.7 மடங்கு என்று 1993-இல் ஓர் ஆய்வு கண்டது. ஏற்கெனவே ஆபத்துள்ளவர்தாமே துப்பாக்கி வாங்குகிறார் என்று அதனை மறுத்தனர். குடையோடு செல்பவர் பலர் நனைகின்றனர். அதனால் குடைதான் மழையைக் கொணர்ந்தது எனலாமா? மறுப்பு பொருத்தமானதே. அதற்கு விடை, மேலும் நுட்பமாக ஆராய்வது. ஆனால் நடந்தது வேறு.

1996: இரு நாடுகள்

1996 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரு வாரங்களுக்குள் பிரதமர் ஜான் ஹோவர்ட் அரசாங்கமும் மாநிலங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. விரைந்து சுடும் நீள்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. லைசென்சுக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்றாயிற்று. சுமார் ஆறரை இலட்சம் துப்பாக்கிகளை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கி அழித்தது. அவ்வாண்டில் இலட்சத்துக்கு ஏறக்குறைய மூவராக இருந்த துப்பாக்கிச் சாவு பின்னர் ஒருவர் அளவுக்கு இறங்கியது. சட்டத்துக்கு முன்பே விகிதம் இறங்கத் தொடங்கியிருந்தது என்பதால், சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டாய் கடற்கரையில் நிகழ்ந்த படுகொலை, சட்டம் எவ்விடத்தும் முழு அரணாகாது என்பதை நினைவூட்டிற்று.

அதே 1996-இல் அமெரிக்கக் காங்கிரஸ் வேறு வழியில் சென்றது. நோய்த் தடுப்புக்கான அரசாங்க மையம் தன் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கச் செலவிடலாகாது என்று விதித்து, அதன் ஆராய்ச்சிப் பணத்தில் 26 இலட்சம் டாலரையும் வேறு பணிக்குத் திருப்பியது. ஆராய்ச்சி ஏறத்தாழ இருபதாண்டுகள் தேங்கிற்று. அவ்விதியைக் கொணர்ந்த ஜே டிக்கி என்பவரே 2012-இல் ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று எழுதினார். 2019 இறுதியில்தான் இரண்டரைக் கோடி டாலர் மீண்டும் ஒதுக்கப்பட்டது. ஒரு நாடு சட்டத்தை மாற்றிய ஆண்டிலேயே மற்றொரு நாடு எண்ணிப் பார்ப்பதைக் கைவிட்டது.

சட்டம் பயன் தருமா?

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791 முதல் நடப்பில் உள்ளது. தனிமனிதன் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அது காக்கிறது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் அதனை விரிவாக்கியது. குடும்பத்தாரை அச்சுறுத்தியதற்காக நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டவரிடம் ஆயுதம் இராதபடி தடுக்கும் சட்டம் செல்லும் என்று 2024-இல் கூறியது. ஆகவே முழுத் தடை அங்கே இயலாது. எந்தச் சட்டம் எச்சாவைத் தடுக்கும் என்பதே கேள்வி.

மெக்சிகோவில் சட்டம் கடுமை, கொலையோ மிகுதி. சட்டம் வீண் என்பதற்கு இதனைச் சான்று காட்டுவர். அங்கே பிடிபட்டு, பிறப்பிடம் ஆராயப்பட்ட துப்பாக்கிகளுள் பெரும்பகுதி எல்லை கடந்து அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மாடு மறுபக்கமாக நுழையும்.

பல ஆய்வுகளையும் ஒருங்கே சீர்தூக்கிய ராண்ட் ஆராய்ச்சி நிலையம் வலுவான சான்று உண்டு என்று கூறுபவற்றுள், பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி துப்பாக்கியைப் பூட்டி வைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டமும் ஒன்று. அது இளையோர் தற்கொலையையும் விபத்தையும் குறைக்கிறது. பெரும் பூசலுக்குரிய போர்முறைத் துப்பாக்கித் தடைக்கோ இன்னும் தெளிவான முடிவு கிட்டவில்லை. 2020 முதல் அமெரிக்காவில் ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளோரின் சாவுக்கு முதற்காரணமாய்த் துப்பாக்கி இருந்து வந்திருப்பதை எண்ணும்பொழுது, பூட்டும் சாவியும் அற்பமான செய்திகள் அல்ல என்பது விளங்கும்.

எவரேனும் ஓர் எண்ணைக் கூறி நம்மை ஒரு பக்கம் சேர அழைத்தால், மூன்று கேள்விகளைக் கேட்போமாக: எத்தனை பேரில் இத்தனை பேர்? எவ்வகைச் சாவு? எப்படி எண்ணினர்? இக்கேள்விகளைக் கேளாமையால்தான் கொலைகாரனைக் குறித்த கூச்சலில், தன் வீட்டு மேசையறையிலிருந்த துப்பாக்கியால் மாண்டவன் மறக்கப்படுகிறான். அவனையும் கணக்கில் சேர்த்துப் பேசத் தொடங்கினால், இரு தரப்பாரும் மறுக்க முடியாத சில சட்டங்களேனும் கிடைக்கும்.