ரூட் 28 டிராஃபிக்கைப் பேசி ஜெயித்த புதுமுகம்: நாம் கண்டுகொள்ளாத மாநிலத் தேர்தல்

தமிழ்நாட்டில் ஓட்டு எண்ணும் நாளில் அமெரிக்காவில் நம்ம வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. இங்கே கிழக்குக் கரையில் ராத்திரி பத்தரை மணிக்கு அங்கே தபால் ஓட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். டிவி ஆன் ஆகிவிடும். காட்பாடியில் எத்தனாவது சுற்று, விளாத்திகுளத்தில் யார் முன்னிலை என்று விடிய விடிய அலசுவோம். அதே ஆட்களிடம், "உங்க வீடு இருக்கிற தொகுதிக்கு ஸ்டேட் சட்டமன்றத்துல யாருங்க உறுப்பினர்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டு பேர் போனை எடுத்துத் தேடுவார்கள்.

அதிபர் யார் என்பதில் நமக்குப் பெரிய பெரிய கருத்துகள் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூட நிதி, தினமும் மாட்டிக்கொள்கிற ரோடு, டிரைவிங் லைசென்ஸ் விதிகள், மருத்துவக் காப்பீடு என்று நம்மை நேரடியாகத் தொடுகிற பாதி விஷயங்கள் முடிவாவது மாநில சட்டமன்றத்தில்தான். அந்தச் சட்டமன்றத்துக்கு, ஜெயிக்கவே வழியில்லை என்று சொல்லப்பட்ட ஒரு புதுமுகம் போட்டியிட்ட கதையைச் சொல்கிறேன். நடந்தது 2017ல், வர்ஜீனியாவில்.

26 வருட எம்.எல்.ஏ.

வர்ஜீனியா கீழவைக்கு 'ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்' என்று பெயர். மொத்தம் 100 இடம். அதில் 13வது தொகுதி, மனாசஸ் பார்க்கையும் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியின் சில பகுதிகளையும் சேர்ந்தது. 1992லிருந்து அங்கே குடியரசுக் கட்சியின் பாப் மார்ஷல்தான் டெலிகேட். பதிமூன்று முறை ஜெயித்தவர். 2006ல் ஒரே பாலினத் திருமணத்தைத் தடை செய்து மாநில அரசியல் சாசனத்தில் வந்த திருத்தத்தில் அவர் பெயரே இருக்கிறது. 2017 ஜனவரியில், திருநர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவரே. அது கமிட்டியிலேயே செத்துப்போனது.

அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி சார்பில் நின்றவர் டானிகா ரோம். வயது 33. பல வருடம் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியாளராக இருந்தவர். ஹெவி மெட்டல் இசைக்குழுவில் பாடியவர். அதுவரை எந்தப் பதவிக்கும் போட்டியிட்டதில்லை. அவர் ஒரு திருநங்கை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருமே என்ன சொல்வார்கள்? "பாவம், டெபாசிட் போயிடும்" என்போம். அங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசினார்கள்.

நவம்பர் 7, 2017. ரோம் சுமார் 54 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். வெளிப்படையாகத் திருநங்கை என்று சொல்லி நின்று, ஜெயித்து, அமெரிக்க மாநில சட்டமன்றத்தில் பதவியேற்ற முதல் நபர் அவர்.

ரோடுதான் பிரச்சாரம்

எப்படி ஜெயித்தார் என்பதுதான் நமக்குப் பாடம். மனாசஸ் பக்கம் இருக்கிற யாரைக் கேட்டாலும் ரூட் 28 பற்றி ஒரு புலம்பல் இருக்கும். மனாசஸ், மனாசஸ் பார்க் வழியாக சென்டர்வில், சாண்டில்லி, டல்லஸ் ஏர்போர்ட் பக்கம் போகிற ரோடு அது. நம்ம ஐ.டி. ஆட்கள் நிறைய பேருக்கு அந்தப் பக்கம்தான் ஆபீஸ். அடுத்தடுத்து சிக்னல். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் உயிரை வாங்கிவிடும்.

ரோம் அந்த ரோட்டைப் பிடித்துக்கொண்டார். கதவைத் தட்டினால் ரூட் 28. மேடை ஏறினால் ரூட் 28. பேட்டியில் அவருடைய பாலினத்தைப் பற்றிக் கேட்டாலும், பதிலை முடிக்கும்போது ரூட் 28 வந்துவிடும். அடுத்ததாக ஆசிரியர்களின் சம்பளம், அதற்கடுத்து மருத்துவக் காப்பீடு. பல வருடம் அதே ஊரில் கவுண்டி கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதியவர் என்பதால், எந்தச் சிக்னலில் என்ன சிக்கல் என்று விரல் நுனியில் வைத்திருந்தார்.

எதிர்த்தரப்பு பேசியது வேறு. மார்ஷல் கடைசிவரை அவரோடு நேருக்கு நேர் விவாதத்துக்கு வரவில்லை. பிரச்சாரத்தில் அவரை ஆண்பாலிலேயே குறிப்பிட்டார். தமிழில் 'அவர்' என்று ஒரு சொல் இருக்கிறது, மரியாதையும் கொடுக்கும், இந்த வம்பிலிருந்தும் காப்பாற்றும். ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. அதனால் அங்கே அது ஒரு ஆயுதமானது.

ஜெயித்த ராத்திரி மார்ஷலைப் பற்றி நிருபர்கள் ரோமிடம் கேட்டார்கள். என் தொகுதி மக்களை நான் தாக்கிப் பேச மாட்டேன், பாப் இப்போது என் தொகுதிக்காரர் என்கிற பொருளில் பதில் சொன்னார். அந்த ஒரு பதிலில் அவர் யார் என்று தெரிந்துவிட்டது.

இங்கே பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பெயரைச் சுருக்கிக்கொள், நெற்றியைத் துடைத்துக்கொள், அப்போதுதான் இந்த ஊரில் எடுபடும் என்று ஒரு தரப்பு சொல்லும். உன் அடையாளத்தையே முன்னால் வை, நம்மாட்கள் ஓட்டு விழும் என்று இன்னொரு தரப்பு சொல்லும். ரோம் இரண்டையும் செய்யவில்லை. தான் யார் என்று சொன்னார், சொல்லிவிட்டு அடுத்தவருடைய பிரச்சினையைப் பேசப் போய்விட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருநங்கை என்கிற அழகான சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். 2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. மத்தியப் பிரதேசத்தில் அதற்கும் முன்பே ஷப்னம் மௌசி எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். ஆனாலும் இங்கே ஒரு திருநங்கை வேட்பாளர் வந்து கதவைத் தட்டினால் நம்மில் எத்தனை பேர் திறப்போம்? இந்தக் கேள்வி எனக்குச் சங்கடமானதுதான். உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

எட்டிப் பிடிக்கிற தூரம்

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். வர்ஜீனியாவில் அப்போது ஒரு டெலிகேட் தொகுதியில், குழந்தை குட்டி எல்லாம் சேர்த்தே, சுமார் 80 ஆயிரம் பேர்தான். கட்சி வேட்பாளராக முன்தேர்தலில் நிற்க 125 வாக்காளர்களின் கையெழுத்து போதும். 21 வயதாகி, அந்தத் தொகுதியில் குடியிருக்கும் வாக்காளராக இருந்தால் சரி. சம்பளம் வருடத்துக்கு 17,640 டாலர். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அதனால் பெரும்பாலானவர்கள் வேறு வேலையும் பார்ப்பவர்கள்.

அதைவிட முக்கியம், வர்ஜீனியாவில் மாநிலத் தேர்தல் ஒற்றைப்படை வருடத்தில் வரும். அதிபர் தேர்தலோடு வராது. அதனால் ஓட்டுப் போட வருகிறவர்களே குறைவு. 2015ல் 30 சதவீதத்துக்கும் கீழே. பல தொகுதிகளில் எதிர்த்து நிற்கக்கூட ஆள் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் கொஞ்சம் பேரை எழுப்பிக் கூட்டி வந்தாலே கணக்கு மாறிவிடும் என்று அர்த்தம். 2017ல் வாக்குப்பதிவு 47 சதவீதத்தைத் தாண்டியது. கணக்கு மாறியது.

மாற்றியவர்களில் பலர் ரோம் போலப் புதுமுகங்கள். பக்கத்துத் தொகுதியில் லீ கார்ட்டர், நம்மைப் போல ஐ.டி. வேலை பார்த்தவர். வேலையில் மின்சாரம் தாக்கி, இழப்பீடு கேட்டு அலைந்த அனுபவத்தில் அரசியலுக்கு வந்தவர். ஆளும் கட்சியின் கொறடாவையே தோற்கடித்தார். சைபர் செக்யூரிட்டி வேலையில் இருந்த ஹாலா அயாலா, பெரு நாட்டிலிருந்து வந்த சமூகப் பணியாளர் எலிசபெத் குஸ்மான், கைக்குழந்தையாக வியட்நாமிலிருந்து அகதியாக வந்த கேத்தி டிரான் எல்லோரும் அந்த வருடம் ஜெயித்து உள்ளே போனவர்கள். 66க்கு 34 என்று இருந்த அவை 51க்கு 49 ஆனது.

பொங்கலும் காப்பீடும்

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். அதே 2017ல், தேர்தலுக்கு முன்பு, வர்ஜீனியா சட்டமன்றம் ஜனவரி 14ஐப் பொங்கல் நாளாக அறிவித்துத் தீர்மானம் போட்டது. நமக்கெல்லாம் பெருமை. வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பி வழிந்தன. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் அதே வருடம் அதே அவை வேறொன்றை மறுத்தது. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவுபடுத்தச் சொல்லி அப்போதைய கவர்னர் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். அவை முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தேர்தல் முடிந்து 2018ல் புது அவை கூடியதும், எதிர்த்து வந்த கட்சியிலிருந்தே 19 பேர் மாறி ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தேர்தல் முடிவு அவர்களுக்குச் சொல்லிவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சுமார் 4 லட்சம் பேருக்குக் காப்பீடு கிடைக்க வழி பிறந்தது.

அந்த 4 லட்சத்தில் நம்மாட்கள் இல்லை என்று நினைக்க வேண்டாம். 26 வயதானதும் பெற்றோரின் காப்பீட்டிலிருந்து வெளியே வந்து, சரியான வேலை அமையாமல் நிற்கிற ஒரு பையனோ பெண்ணோ எந்த வீட்டிலும் இருக்கலாம். கௌரவத்துக்காக நாம் வெளியே சொல்லுவதில்லை, அவ்வளவுதான். பொங்கல் தீர்மானம் நம்மை வாழ்த்தியது. காப்பீட்டு ஓட்டு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியது. இரண்டையும் போட்டது ஒரே சட்டமன்றம். முதலாவதுக்கு மட்டும் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் போதாது.

தோற்றவர்கள் கணக்கு

எல்லா அதிசயமும் பலிக்காது. முதல் தடவை நிற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பார்கள். ஆனால் அந்தத் தோல்வி வீணாவதில்லை. ரோம் நின்ற அதே தொகுதியில் 2013ல் மார்ஷலை எதிர்த்து நின்ற ஆதிஃப் கர்னி சில நூறு வாக்குகளில்தான் தோற்றார். இந்த மனிதரைத் தோற்கடிக்க முடியும் என்று ஊருக்குக் காட்டியவர் அவர்தான்.

நியூபோர்ட் நியூஸ் நகரத்து 94வது தொகுதியில் 2017ல் நடந்தது சினிமாவில்கூட வராது. மறு எண்ணிக்கையில் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் நீதிபதிகள் சர்ச்சைக்குரிய ஒரு வாக்குச்சீட்டை எதிராளிக்குச் செல்லும் என்றார்கள். இருவருக்கும் தலா 11,608. கடைசியில் 2018 ஜனவரி 4ஆம் தேதி, இரண்டு பெயரையும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். எதிராளி டேவிட் யான்சி பெயர் வந்தது. அந்த ஒரு சீட்டில்தான் அவையின் பெரும்பான்மையே நின்றது. சைமண்ட்ஸ் விடவில்லை. 2019ல் மறுபடி நின்று ஜெயித்தார்.

'என் ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுது' என்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நாம் என்ன செய்யலாம்

எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது. தேர்தல் நன்கொடையும் தரக்கூடாது, அது சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்துவிட்டால் நன்கொடை தரலாம், ஆனால் ஓட்டு குடியுரிமை வாங்கிய பிறகுதான். சம்பளம் வாங்காமல் தன்னார்வலராக வேலை செய்ய எல்லோருக்கும் வழி உண்டு. துண்டறிக்கை கொடுக்கலாம், போன் பண்ணலாம். தமிழ் பேசுகிற தாத்தா பாட்டி குடியுரிமை வாங்கியிருந்தால், வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குப் புரிய வைக்கலாம். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு வருகிற உறுப்பினருக்குச் சால்வை போர்த்தும்போதே, "எங்க ஏரியா ஸ்கூலுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றும் கேட்கலாம்.

போட்டியிடுவது? அதுவும் எட்டாத தூரத்தில் இல்லை. ஹைதராபாத்தில் பிறந்து சிறு குழந்தையாக இங்கே வந்த கசாலா ஹாஷ்மி, பல வருடம் கல்லூரியில் இலக்கியம் நடத்தியவர். 2019ல் முதல்முறையாக நின்று, பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து வர்ஜீனியா செனட்டுக்குப் போனார். 2025ல் மாநிலத்தின் துணை கவர்னராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். ரோம் 2023ல் செனட்டுக்கு ஜெயித்தார்.

ரூட் 28ல் இன்னமும் டிராஃபிக் இருக்கிறது. ஒரு தேர்தலில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த டிராஃபிக்கில் நிற்பவர்களுக்காகப் பேச ஒருவர் ரிச்மண்டுக்குப் போனார். அவரை அனுப்பியது, வேலை நாளான ஒரு செவ்வாய்க்கிழமை மெனக்கெட்டு வரிசையில் நின்றவர்கள்.

இந்த வாரம் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் முகவரியைப் போட்டு, உங்கள் மாநில சட்டமன்றத் தொகுதி எது, உறுப்பினர் யார், அடுத்த தேர்தல் எப்போது என்று பாருங்கள். வீட்டில் 18 வயதான பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அந்தப் பெயர் பட்டியலில் அடுத்த முறை அந்தப் பிள்ளையின் பெயரே இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.