கிடாரின் முகத்தில் ஒரு வடு

புதுப் பட்டுப் புடவையை உடுத்திய முதல் நாளே அதன் மேல் காபி கொட்டினால் மனசு எப்படி இருக்கும்? மாதக் கணக்கில் பாடுபட்டு ஒரு கிடாரைச் செய்து முடிக்கும் தறுவாயில், கையிலிருந்த உளி நழுவி அதன் முகத்தில் விழுந்தால் அந்தக் கைவினைஞரின் மனசும் அப்படித்தான் இருக்கும்.

நான் சொல்வது இரும்புத் தந்தி கட்டிய கிடாரை அல்ல. நைலான் தந்தி போட்டு, விரல் நகத்தால் மீட்டுகிற ஸ்பானிஷ் கிடாரை. அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் என்று போற்றப்படுபவர் அந்தோனியோ டி டோரெஸ். ஸ்பெயின் தேசத்து அல்மேரியாவில் 1817-ல் பிறந்தவர். 1862-ல் இந்த மனிதர் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். முதுகையும் விலாவையும் காகித அட்டையால் செய்து, முகப் பலகையை மட்டும் நல்ல மரத்தில் பொருத்தி ஒரு கிடார் பண்ணினார்! நாதத்தின் உயிர் முகப் பலகையில்தான் இருக்கிறது என்று காட்டத்தான் இத்தனையும். பார்ஸிலோனா நகரத்து இசை மியூசியத்தில் அந்த வாத்தியம் இருக்கிறது.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பம். முகப் பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற வெளிறிய மரம். கனம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். நகம் பட்டாலே பள்ளம் விழும். 'உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் போகிறது' என்று நமக்குத் தோன்றும். அரை மில்லிமீட்டர் ஆழப் பள்ளம் மறையும்வரை தேய்த்தால் பலகையில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ எடைக்குச் சமமாக அதை இழுக்கின்றன. மெலிந்த பலகை வளையும், குரலும் மாறிவிடும். அழகைக் காப்பாற்றப் போய் வாத்தியத்தையே இழப்பதா?

ஆகவே கெட்டிக்காரர் தேய்ப்பதில்லை. நம் வீட்டுச் சாமான்களையே தேடுகிறார்: ஈரத் துணி, சூடான இரும்பு. பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் மேல் ஈரத் துணியை வைத்து, சூட்டை ஒரு கணம் ஒற்றி எடுத்தால், நசுங்கிய நார்கள் ஆவியைக் குடித்து எழுந்து கொள்கின்றன. ஒரு கணம்தான், அதிகம் போனால் உள்ளே சட்டங்களை ஒட்டியிருக்கும் வஜ்ஜிரம் இளகிவிடும். நசுங்கிய நார்தான் இப்படி எழும். உளி அறுத்த நார் எழாது.

அறுந்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டியதுதான். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாமே என்பீர்கள். கறுத்த ஈட்டி மரத்தில் அது செல்லும், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை ஸ்ப்ரூஸில் பாலிஷ் ஏறியதும் அழுக்குக் கோடாகத் தெரியும். ஆகவே அதே பலகையில் மிஞ்சிய துண்டிலிருந்து ஒரு சிராய் சீவி, ரேகையோடு ரேகை பொருத்தி ஒட்டுகிறார்கள். அதிலும் ஒரு சூட்சுமம். சிராயைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் வெளிச்சம் வேறு விதமாகப் பட்டு, அந்த இடம் மட்டும் இருண்டு தெரியலாம். பட்டுத் துணியை வெட்டித் தைத்திருக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு விபத்துக்கு நம் பக்கத்து மரமே காரணம். உலகத்தில் எத்தனையோ கிடார்களின் முதுகும் விலாவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரந்தான். 1992-ல் பிரேஸில் நாட்டு ஈட்டியின் சர்வதேச வியாபாரத்துக்குத் தடை வந்த பிறகு இதற்கு மவுசு இன்னும் கூடியது. அதன் சாயம் ஸ்பிரிட்டில் கரையும். பாலிஷ் துணி ஓரத்தைத் தாண்டி வந்தால் வெள்ளை முகத்தில் ஊதாக் கறை! அதனால் ஓரத்து வெள்ளைக் கோடுகளுக்கு முதலிலேயே மெல்லிய தூரிகையால் அரக்குப் பூசிவிடுகிறார்கள். மரத்தூளையும் துடைப்பதில்லை, ஊதித்தான் தள்ளுகிறார்கள்; துடைத்தால் சாயத் தூள் ஸ்ப்ரூஸின் நுண்துளைகளில் புகுந்துவிடும்.

அந்த அரக்கும் நமக்குப் பழக்கமானதுதான். பலாசம் முதலிய மரங்களில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி உண்டாக்குவது. பல நூற்றாண்டுகளாக இந்தியாவிலிருந்து கப்பலேறியது. ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் நாள் கணக்கில் தடவித் தடவி ஏற்றுவார்கள். பழைய பூச்சு புதுப் பூச்சில் கரைந்து ஒன்றாகிவிடுமாதலால், பல வருஷம் கழித்து விழும் கீறலைக்கூட அடையாளம் தெரியாமல் மறைக்கலாம். அவசரக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பாலிஷ் லாயக்கில்லை.

இவ்வளவு பாடுபட்டு வழவழவென்று ஆக்கிய முகத்தோடு கிடார் கடைசியில் வித்வானின் வீட்டுக்குப் போகிறது. அவர் ஆசையாக மடியில் வைத்து மீட்டத் தொடங்குகிறார். தந்திக்குக் கீழே, நாதத் துவாரத்துக்குப் பக்கத்தில், முதல் வாரமே அவருடைய நகக் கீறல்கள் விழுந்துவிடுகின்றன.