உங்கள் பிள்ளைக்கு வீணையா, வயலினா?

"டாக்டர், ஆசையா கீபோர்டு வாங்கிக் குடுத்து ஆறு மாசமாச்சு. பத்து நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான். ஞாபகசக்திக்கு ஏதாவது லேகியம் இருந்தா குடுங்களேன்!"

திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு தாயார் கேட்டார். ஒன்பது வயதுப் பையன், என் மேஜையின் மீது விரலால் தாளம் போட்டபடி நின்றான். "லேகியம் வேண்டாம்மா, மிருதங்கத்துல சேர்த்து விடுங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிக்கிறது என்பதற்காக நம் வீட்டிலும் அதையே வாங்கி விடுகிறோம். தவறு அங்கேதான்.

மணலி என்றதும் இன்று நமக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் ஞாபகம் வரும். சுமார் இருநூறு வருடங்களுக்கு முன் அங்கே மணலி முதலியாரின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் இருந்தது. சின்னய்யா முதலியார் அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போய், வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். இளையவர் பாலுசாமி (1786-1859) வயலினில் மனசைப் பறிகொடுத்தார். ஓர் ஐரோப்பியரிடம் முறையாகக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார். மூத்தவர் முத்துசாமி தீட்சிதரோ அந்த மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவர் கைக்கு இசைந்தது வீணை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, கேட்டதும் ஒரே பேண்டு!

வாத தேகம் துறுதுறுப்பு, பித்த தேகம் வேகம், கப தேகம் நிதானம் என்று சித்த மருத்துவத்தில் பார்ப்போம். அதற்காக நாடியைப் பிடித்து வாத்தியம் சொல்ல நான் ஜோசியன் இல்லை. துறுதுறு பிள்ளைக்கு உடனே சத்தம் கேட்கிற வாத்தியம் நல்லது. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. ஸ்வரத்தின் இடம் கண்ணுக்குத் தெரியும். வயலினில் அது கிடையாது, காதால்தான் தேட வேண்டும். முதல் வருடம் கீச்கீச்தான்! பொறுமையும் கூர்மையான காதும் உள்ள பிள்ளை தாங்கும். பெற்றவர்கள் தாங்குவார்களா என்பதையும் யோசியுங்கள்.

எண்ணூர் பக்கமிருந்து அடிக்கடி கேட்பது, "வீசிங் இருக்கு, புல்லாங்குழல் ஊதினா சரியாயிடுமா?" பிள்ளை ஆசைப்பட்டால், பார்க்கிற டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கற்கட்டும். ஆனால் குழலை மருந்தாக நினைத்து இன்ஹேலரை நிறுத்தி விடாதீர்கள், ஆபத்து. ஊதும்போது இரைத்தால் உடனே கீழே வைத்துவிட வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டுவலிக்காரர்கள் சம்மணம் போட்டு வீணை வாசிப்பது சிரமம். சர்க்கரை உள்ளவர்கள், கம்பி அழுத்தி விரலில் புண் வருகிறதா என்று தினமும் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதமாவது இரவல் வாங்கியோ, வாத்தியார் வீட்டிலோ பழகிப் பார்க்கட்டும். அந்தப் பையன் இப்போது மிருதங்கத்தில்தான் இருக்கிறான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வாசிப்பு. மாடி வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட், பகலில் அவர் தூங்க வேண்டுமே!