'ஆட்டோ' இருக்கு... 'மேனுவல்'லதான் ஓடுது!

வண்டியூர் மாடி வீடுகளில் தூங்கும் தானியங்கிப் பெட்டிகள்

மதுரை, வண்டியூர்:

சாயங்காலம் 6 மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் இருந்து அருவி கொட்டுகிறது. குற்றாலம் அல்ல. மேல்தொட்டி நிரம்பி வழிகிறது!

எதிர் வீட்டு அம்மா குரல் கொடுக்கிறார். "ஏண்ணே... வாட்ச்மேன் அண்ணே! தண்ணி ஊத்துது. மோட்டாரை அமத்துங்கண்ணே!"

வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிறார். ஓடி வந்து சுவிட்சை அமர்த்துவதற்குள் தெரு நனைந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மோட்டாருக்கு மேலேயே சுவரில் ஒரு பெட்டி மாட்டி இருக்கிறது. தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்த வேண்டிய பெட்டி. கீழே தண்ணீர் வற்றினாலும் நிறுத்தும். பெட்டியில் ஒரு திருகு. ஒரு பக்கம் 'ஆட்டோ', மறுபக்கம் 'மேனுவல்'. திருகு 'மேனுவல்' பக்கம் திரும்பியபடியே தூசி பிடித்துக் கிடக்கிறது!

வண்டியூர், மேலமடை, அண்ணா நகர், கே.கே. நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப் பெட்டிகளைப் பார்க்கலாம். மாடிப்படியில் ஆள் வந்தால் எரியும் சென்சார் லைட் என்று மாட்டியது, இப்போது ராப்பகலாக எரிகிறது. இல்லாவிட்டால் எரிவதே இல்லை.

உப்புதான் வில்லன்

பெட்டி ஏன் தூங்கியது? விஷயம் சின்னது.

தொட்டிக்குள் இரண்டு மூன்று கம்பிகள் தொங்குகின்றன. தண்ணீர் கம்பியைத் தொட்டால் லேசான மின்சாரம் பாயும். 'தொட்டி நிரம்பிருச்சு' என்று பெட்டி புரிந்துகொள்ளும். போர் தண்ணீரில் உப்பு அதிகமானால் கம்பி மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்புறம் தண்ணீர் கழுத்தளவு நின்றாலும் பெட்டிக்குத் தெரியாது. 'தொட்டி காலி' என்றே நினைத்து மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

எலெக்ட்ரீஷியன் வருவார். பார்ப்பார். "சார், சென்சார் போயிருச்சு. இப்போதைக்கு டைரக்ட் கொடுத்துட்டுப் போறேன்" என்பார்.

அந்த 'இப்போதைக்கு' மூன்று வருஷம் ஓடும்! ஒரு நாள் போரில் தண்ணீர் இறங்கி, மோட்டார் காற்றை இழுத்துக் காயில் கருகும். காயில் கட்டுகிற செலவு தனி.

கம்பியைக் கழற்றிச் சுரண்டி மாட்ட அரை மணி நேரம் போதும். ஆனால் அது யார் வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பாதிப் பெட்டிகள் செத்துக் கிடக்கின்றன.

மணி அடித்த முதல் கருவி

இந்த வித்தையின் பூர்வீகம் அமெரிக்கா. விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்று ஒரு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் குளிர். காவலாளி ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து சூடு போதுமா என்று பார்த்துவிட்டு, அடித்தளத்துக்கு இறங்கி அடுப்பைச் சரிசெய்வார். பாடம் கெட்டுப்போகிறதே என்று எரிச்சலான வாத்தியார் மின்சாரக் கருவி ஒன்றைச் செய்து 1883-ல் உரிமம் வாங்கினார். 1885-ல் கம்பெனியே தொடங்கிவிட்டார்.

கவனிக்க வேண்டியது இதுதான்: முதலில் அவர் செய்த ஏற்பாடு எதையும் தானாகச் சரிசெய்யவில்லை. அடித்தளத்தில் இருந்த காவலாளிக்குச் சேதி சொன்னது. அவ்வளவே! சேதி கேட்டு எழுந்து போக ஓர் ஆள் இருந்தார்.

இன்று பெரிய கட்டிடங்களில் ஏ.சி., லிஃப்ட், விளக்கு, தீயணைப்பு மணி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் வந்து சேருகின்றன. ஆள் இல்லாத அறைக்குக் குளிர்காற்று போகாது. வெயில் ஏறினால் விளக்கு மங்கும். சென்னையில் 2000-ல் திறந்த டைடல் பார்க் மாதிரி கட்டிடங்களுக்கு இது புதிதல்ல. வண்டியூர் கண்மாய்க்கு அந்தப் பக்கம் மாட்டுத்தாவணியில் 12 மாடி டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 314 கோடி ரூபாய்.

அங்கே கவனிக்கச் சம்பள ஆள் இருப்பார். எட்டு வீடு, பன்னிரண்டு வீடு இருக்கிற குடியிருப்பின் பாடுதான் திண்டாட்டம்.

யார் காசு, யாருக்கு லாபம்?

கட்டிக் கொடுப்பவர் பில்டர். கரண்ட் பில் கட்டுவது குடியிருப்பவர். நல்ல பெட்டி வைத்தால் செலவு பில்டருக்கு, லாபம் அடுத்தவருக்கு. அவர் என்ன செய்வார்? விளம்பரத்தில் 'ஸ்மார்ட்' என்று போடுவதற்கு எது போதுமோ, அதை மாட்டுவார்!

வாடகை வீட்டிலும் இதே கதை. "நான் எதுக்குச் செலவு பண்ணணும்? நாளைக்கே காலி பண்ணச் சொல்லுவாங்க" என்பார் குடியிருப்பவர். "பில் கட்டுறது அவர்தானே" என்பார் வீட்டுக்காரர்.

பொது மோட்டார், மாடிப்படி லைட், லிஃப்ட் இவற்றுக்கான கரண்டுக்கு 2022 செப்டம்பரில் தனிக் கட்டணம் வந்தது. யூனிட்டுக்கு 8 ரூபாய். தமிழ்நாடு முழுக்கக் குடியிருப்புச் சங்கங்கள் கொதித்தன. 2023 நவம்பரில் சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருந்தால்தான் அந்தச் சலுகை.

8 ரூபாய்க் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 2 குதிரைசக்தி மோட்டார் தினம் ஒரு மணி நேரம் வீணாக ஓடினால் சுமார் ஒன்றரை யூனிட். 12 ரூபாய். மாதம் 360. வருஷத்துக்கு 4 ஆயிரத்துக்கு மேல்! ஆனால் 12 வீடு பங்கு போட்டால் வீட்டுக்கு மாதம் 30 ரூபாய். "முப்பது ரூபாய்க்காக மீட்டிங் போடணுமா?" என்று கேட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. தனியாக ஒருவர் பையில் இருந்து போயிருந்தால் அன்றைக்கே ஆள் அழைத்திருப்பார்.

கடைவீதிக் கணக்கு வேறு. ஜவுளிக்கடை முதலாளிக்குக் கதவைத் திறந்ததும் ஜில்லென்று அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று பயம். 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அரசு விதி செய்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது எரிசக்தித் துறையின் கணக்கு. ரிமோட் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்வரை 24 எப்படி நிற்கும்? பத்தே நிமிஷத்தில் 18!

2012-ஐ மறக்க முடியுமா?

இன்னொரு பயம் பழைய சூடு. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் கரண்ட் கட் என்றால், மதுரைப் பக்கம் பத்து, பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. அந்த நாளில் வீடு வீடாக வந்து சேர்ந்தது இன்வெர்ட்டர். 'கரண்ட் இருந்தால்தானே உன் கம்ப்யூட்டர் வேலை செய்யும்? சுவிட்சே தேவலை' என்ற எண்ணம் அப்போது ஊறியது. இப்போது அப்படி வெட்டு இல்லை. ஆனால் கரண்ட் போய் வரும்போது ஏறி இறங்கும் வோல்டேஜில் முதலில் சாவது இந்தச் சின்னச் சர்க்யூட் போர்டுதான்.

கம்பெனி போனால்...?

வாங்கின கம்பெனியே கடையைக் கட்டிவிட்டால்? அமெரிக்காவில் அப்படியே நடந்தது. 'ரிவால்வ்' என்ற வீட்டுக் கருவி, விலை 300 டாலர். 2014-ல் அந்தக் கம்பெனியை கூகுளின் 'நெஸ்ட்' வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கினவர் கையில் வெறும் டப்பா!

ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனி சென்சாரோடு பேசாது என்பது அடுத்த தொல்லை. போல்ட் ஒரு கடையில், நட் ஒரு கடையில் வாங்கி மரை சேராத கதை. எல்லாப் பெட்டியும் பேசுகிற மாதிரி 'பேக்நெட்' என்ற பொது மொழி 1995-லேயே வந்துவிட்டது. வாங்கும்போது 'அது இருக்கா?' என்று கேட்கிறவர் எத்தனை பேர்? பாஸ்வேர்டை எழுதி வாங்குகிறவர் அதைவிடக் குறைவு. பாஸ்வேர்டு தெரிந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டால், லட்ச ரூபாய் பேனல் போர்டு பூட்டிய பீரோதான்.

திருட்டுப் பயமும் சும்மா அல்ல. 2013-ல் அமெரிக்காவின் 'டார்கெட்' கடைகளில் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரம் களவு போனது. திருடர்கள் நுழைந்த வழி எது? அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை பார்த்த காண்டிராக்டரின் பாஸ்வேர்டு!

தெப்பக்குளம் என்ன ஆச்சு?

தானாக ஓடும் ஏற்பாடு வண்டியூர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளம் கண் முன்னால் இருக்கிறது. மோட்டாரும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. வைகையில் தண்ணீர் வந்தால் கால்வாய் வழியாக மட்டம் பார்த்துத் தானே வந்து நிறைய வேண்டும். அப்படித்தான் கட்டினார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? கால்வாய் தூர்ந்தது. ஆக்கிரமிப்பு வந்தது. குளம் வருஷக்கணக்கில் காய்ந்து, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத் தெப்பம் தண்ணீரில் மிதக்காமல் நிலைத்தெப்பமாக நின்ற ஆண்டுகள் உண்டு. கால்வாயைத் தூர்வாரிச் சரிசெய்த பிறகு வைகைத் தண்ணீர் மறுபடி வந்து குளம் நிறைந்தது. படிக்கட்டும் மைய மண்டபமும் நாயக்கர் காலத்தில் இருந்த இடத்தில்தான் இருந்தன. வாய்க்காலில் மண்வெட்டி போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"என் வேலை போயிருமே!"

வாட்ச்மேன் மனசில் இருப்பது வேறு. மோட்டார் போடுவது, லைட் போடுவது, கேட் திறப்பது... மூன்றையும் பெட்டி பார்த்துக்கொண்டால் தனக்குச் சம்பளம் எதற்கு என்று சங்கத்தில் ஒருவர் கேட்கத்தானே செய்வார்? ஆகவே திருகு 'மேனுவல்' பக்கம் இருப்பதில் அவருக்கு வருத்தம் இல்லை. அவரைக் குற்றம் சொல்வதும் நியாயம் இல்லை. கம்பி சுரண்டவும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் ஒரு நாள் சொல்லிக் கொடுத்து, சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் அதே ஆள் பெட்டிக்குக் காவலாக மாறுவார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மோட்டார் காயில் கட்டுகிற செலவைவிட அது அதிகம் வராது.

ஆனால் அதை மீட்டிங்கில் யார் பேசுவது? மாடியில் ஏறிக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்றால் தலைவர் செயலாளரைப் பார்க்கிறார். செயலாளர் வாட்ச்மேனைப் பார்க்கிறார். வாட்ச்மேன் மேலே அண்ணாந்து பார்க்கிறார்.

"ஏண்ணே... மறுபடி ஊத்துதுண்ணே!" என்கிறார் எதிர் வீட்டு அம்மா.