நாய்க்கு வெளிமருந்தே கிடையாது!

"டாக்டர், எங்க மணி ரெண்டு நாளா முன்னங்காலையே நக்கிட்டுக் கிடந்தான். எங்க வீட்டுக்காரரோட சேற்றுப்புண்ணுக்கு நீங்க கொடுத்த கற்பூரத் தைலம் மிச்சம் இருந்துச்சு. அதைத் தடவி விட்டேன். கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்து, வலிப்பு வந்துடுச்சு..."

என் முன்னால் உட்கார்ந்து அந்த அம்மா கண் கலங்கினார். நல்லவேளை, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதால் மணி பிழைத்துக்கொண்டான். ஆனால், அந்தத் தைலத்தைக் கொடுத்தவன் நான். 'மூலிகைதானே, என்ன பண்ணிடும்?' என்ற நினைப்பு மக்கள் மனதில் வேரூன்றியதில் எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சித்த மருத்துவத்தில் அகமருந்து 32 வகை, புறமருந்து 32 வகை என்று பிரித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு மனிதனுக்குத்தான். நாய்க்கு எதைப் பூசினாலும் அடுத்த நிமிடமே நக்கிவிடும். பூசியதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும்!

எதைப் பூசக் கூடாது?

கற்பூரம் சேர்ந்த எதுவும் கூடாது. தலைவலித் தைலம், மூட்டுவலிக் களிம்பு, குழந்தைகளுக்குப் போடும் துத்தநாகக் களிம்பு இவையும் வேண்டாம். வேப்பெண்ணெயை அப்படியே தடவாதீங்க. மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த கழிவு ஆயில் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். இவை தோலையும் பொசுக்கும், உள்ளே போனால் உயிருக்கும் ஆபத்து.

ஏன் நக்குகிறது?

காலைத் தூக்கி, விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்க. முள், சின்னக் கல், உண்ணி ஏதாவது இருக்கலாம். வெயில் காலமென்றால் தார் ரோட்டுச் சூட்டில் பாதம் வெந்திருக்கலாம். உங்க புறங்கையை ஏழு விநாடி ரோட்டில் வைக்க முடியவில்லையா? அப்போ அதன் காலுக்கும் தாங்காது. மழைக்காலத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உடம்பு முழுக்கச் சொறிந்தால் தெள்ளுப்பூச்சி, சொறி, தூசி அல்லது உணவு ஒவ்வாமை என்று பல காரணங்கள் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் தூள் உப்பு தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன் கரைத்து, ஐந்து நிமிடம் பாதத்தை அமிழ்த்தி வையுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீங்க. பிறகு விரல் இடுக்கில் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். இதுதான் முக்கியம். வெளியே போய் வந்ததும் வெறும் தண்ணீரில் கால் கழுவித் துடைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

உடம்பு அரிப்புக்கு, ஓட்ஸை நைசாக அரைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் கழித்து அலசலாம். நம்ம சோப்பு வேண்டாம். நம் தோலில் இருக்கும் அமிலத்தன்மை நாயின் தோலில் அவ்வளவு இல்லை. நம் சோப்பு அதை வறட்டி, அரிப்பைக் கூட்டிவிடும்.

எப்போது மருத்துவரிடம் போகணும்?

வீக்கம், சீழ், நாற்றம், முடி கொட்டுதல், நொண்டுதல் இருந்தாலோ, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. நாயோடு சேர்ந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பு வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீங்க. ஒருவகைச் சொறியும், படர்தாமரையும் நாயிடமிருந்து நமக்குத் தொற்றும்.

சரி, மணிக்கு என்னதான் ஆச்சு? வலிப்பு நின்ற பிறகு கால்நடை மருத்துவர் காலைப் பிரித்துப் பார்த்தாராம். விரல் இடுக்கில் ஒரு நெருஞ்சி முள்! எடுத்துப் போட்டதும் நக்குவது நின்றுவிட்டது.

ஒரு முள்ளுக்காக ஓர் உயிர் போகப் பார்த்தது. உங்க வீட்டு நாய் காலை நக்கினால் தைலச் சீசாவைத் தேடாதீங்க. முதலில் அதன் காலைத் தூக்கிப் பாருங்க.