பாற்பல்லும் பள்ளத்தாக்கின் சிறாரும்

உடலுறுப்புகளுள் பல்லைப்போல் பெரிதும் பயன்பட்டும் சிறிதும் பேணப்படாதது பிறிதொன்றில்லை எனலாம். உண்ணவும், உரைக்கவும், முறுவலிக்கவும் அது வேண்டும். எழுத்துகள் பிறத்தற்குரிய உறுப்புகள் எட்டனுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் வைத்தெண்ணினார். அங்ஙனமாகவும், குழந்தையின் பல் சொத்தையானால், ‘விழப்போகும் பல்தானே’ என்று பெற்றோர் பலர் வாளாவிருக்கின்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடைத்து என்பதையும், சொத்தையைத் தடுக்கும் வழி எத்துணை எளிது என்பதையும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்வை முன்வைத்து ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

பாற்பற்கள் 20 ஆகும். அவை ஏறத்தாழ 6ஆம் திங்களில் முளைக்கத் தொடங்கி, 3 வயதளவில் நிரம்பி, 6 முதல் 12 வயது வரையில் ஒவ்வொன்றாக விழுகின்றன. கடைவாய்ப் பாற்பல் ஒன்று எட்டாண்டளவு குழந்தைக்கு உழைக்கின்றது. அன்றியும், பின்வரும் நிலைப்பல்லுக்கு இடங்காத்து நிற்பதும் அதுவே. அது காலத்திற்கு முன்னரே போய்விடின், அயற்பற்கள் அவ்விடத்திற் சாய, புதுப்பல் கோணி முளைக்கும். மற்றொன்றும் நாம் கருதற்பாலது. 6 வயதளவில் முதல் நிலைக் கடைவாய்ப்பல், எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடையில் முளைக்கின்றது. அதனையும் பாற்பல்லென்றே மயங்கிக் கைவிடுவார் பலர். வாழ்நாள் முழுதும் உதவவேண்டிய பல் இவ்வாறு இளமையிலேயே பழுதாகின்றது.

சொத்தை விழுவது எவ்வாறு? நாட்டுப்புறத்தார் அதனைப் ‘பூச்சிப்பல்’ என்பர். புகையிட்டுப் பூச்சியை எடுப்பதாகக் கூறுவாரும் உளர். பல்லைத் துளைக்கும் புழு உண்மையில் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்து, நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் எனாமல் என்னும் வன்மையான மேற்பூச்சைக் கரைக்கின்றது. உமிழ்நீர் சிறிது சிறிதாக அமிலத்தை மாற்றி, கரைந்த சுண்ணச்சத்தை மீட்டுத் தருவதற்கு அரைமணி நேரமளவு வேண்டும். அதற்குள் மீண்டும் இனிப்பு வாயிற்புகுமாயின், மீட்சிக்கு நேரம் ஏது? ஆதலின், எவ்வளவு இனிப்பு என்பதினும், நாளில் எத்தனை முறை என்பதே பெரிது.

இவ்வுண்மை கம்பம் பள்ளத்தாக்கிற்கு மிகவும் பொருந்தும். 1895இல் முல்லைப் பெரியாற்று அணை முடிவுற்றபின் நெல்லும் வாழையும் திராட்சையும் செழித்த நாடு அது. அதன் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பழத்தைப் பழமாகவே உணவோடு உண்பதாற் பெருங்கேடில்லை. சாறாக்கிச் சர்க்கரை கலந்து, புட்டியிலிட்டு நெடுநேரம் பருகுவிப்பதே கேடு. கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களினின்று தாய்மார் பலர் விடியுமுன் ஜீப்பிலேறி மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்கின்றனர். பிள்ளைகளின் பசிக்கு இனித்த தேநீரும், பிஸ்கோத்தும், கடை மிட்டாயுமே எளிதிற் கிடைப்பன. இது தாயரின் அன்பின்மையன்று, அவர்தம் பொழுதின்மை. ஆனால் சொத்தை பற்கூழை எட்டியபின் குழந்தைக்கு உணவும் உறக்கமும் பள்ளியும் கெடும். தாய்க்கு அன்றைக் கூலியும் போகும். வறியவர்க்கே தடுப்பு மிகவும் வேண்டற்பாலது.

இனித் தடுக்கும் வழிகளைக் கூறுவாம். முதற்பல் முளைத்த நாள்தொட்டுக் காலையும் இரவும் துலக்குதல் வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைதலின், இரவில் துலக்குதல் இன்றியமையாதது. பின்பு நீரன்றிப் பிறிதொன்றும் கொடுத்தல் ஆகாது. பால்புட்டியை வாயில் வைத்தபடி உறங்கவிடுதலும் தகாது. ஏழெட்டு வயது வரையில் பெரியவர்களே உடனிருந்து துலக்கிவிடுக. ஆலும் வேலும் பல்லுக்கு நல்லவென்று நம் முன்னோர் கண்டனர். ஆயினும் குச்சியிற் பெறலாகாத ஃபுளோரைடு என்னும் சத்து பற்பசையில் உண்டு. அஃது எனாமலை வலுப்படுத்தும். கரியும் செங்கற்பொடியும் அதனைத் தேய்த்தே விடும்.

ஃபுளோரைடும் அளவறிந்து கொள்ளற்பாலது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அது மிகுந்தமையாற் பற்கள் கறைபட்டன. அக்கேட்டினை நீக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. எனவே 3 வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், 3 முதல் 6 வயது வரை பட்டாணியளவும் பசை போதும். விழுங்காது உமிழக் கற்பித்தல் வேண்டும். இனிப்பை அறவே விலக்கவேண்டுவதில்லை. உணவு வேளையோடு சேர்த்துக் கொடுத்து, இடைவேளைக்கு வேர்க்கடலையோ சுண்டலோ கொடுக்கலாம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து, பிற குறைகளோடு பற்சொத்தையையும் பார்க்கின்றனர். அவர்கள் எழுதித்தரும் சீட்டைப் பெட்டியில் வைத்து மறவாது, வலி தோன்றுமுன்னரே அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் நன்று.

விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் யாவர் வீட்டிலும் தம்பியோ தங்கையோ அண்டைவீட்டுப் பிள்ளையோ இருத்தல் கூடும். ‘விழப்போகும் பல்தானே’ என்பாரைக் கண்டால், விழும் நாள் வரையில் அஃது உழைக்கும் பல் என்பதையும், பின்வருவதற்கு இடங்காக்கும் பல் என்பதையும் எடுத்துரைப்போமாக. கற்ற கல்வி பிறந்த ஊருக்குப் பயன்படுதற்கு இதனினும் எளிய தொடக்கம் வேண்டுவதின்று.