நான்காவது சுவர் இல்லாத அறைகள்

பெரு நாட்டின் தென்கிழக்கில், தம்போபாத்தா ஆற்றங்கரையில் இருக்கிறது 'போசாடா அமசோனாஸ்' என்ற மழைக்காட்டு விடுதி. அதன் அறைகளுக்கு மூன்று சுவர்கள்தான். நான்காவது பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்தே கிடக்கிறது. மரம், நாணல், மண், காட்டுப் பனை வகைகளின் ஓலையால் வேய்ந்த கூரை. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. காற்று தானாக வந்து போவதால் ஏசி வேண்டியதில்லை. மின்கம்பி எட்டாத காட்டில் ஏசி ஓட டீசல் ஜெனரேட்டர் வேண்டும். அந்த டீசலும் ஆற்றில் படகேறித்தான் வர வேண்டும்.

ஓலைக்கூரை போட்டுவிட்டால் மட்டும் அது சூழல் விடுதி ஆகிவிடாது. நிலம் யாருடையது, வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதே முதல் கேள்வி. இங்கே நிலம் இன்ஃபியர்னோ என்ற ஊருக்குச் சொந்தம். எசே எஹா பழங்குடியினர், ஆற்றங்கரைக் குடிகள், ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கலந்து வாழும் ஊர் அது. 1996-ல் ஊரார் ஒரு பெரு நாட்டுச் சுற்றுலா நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி லாபத்தில் 60 விழுக்காடு ஊருக்கு, 40 நிறுவனத்துக்கு; முடிவெடுப்பதில் இருவருக்கும் சம உரிமை இருந்தது. விடுதி 1998-ல் திறந்தது. படகோட்டுவது, சமைப்பது, வழிகாட்டுவது என்று ஊர்க்காரர்களுக்கே வேலை கிடைத்தது.

இதனால் காட்டுக்கு என்ன லாபம் என்பதை ஹார்பி கழுகு காட்டுகிறது. குரங்கையும் தேவாங்கு போல மெதுவாக நகரும் ஸ்லாத்தையும் தூக்கிச் செல்லும் பெரும் பறவை. இரண்டு முட்டை இட்டாலும் ஒரு குஞ்சைத்தான் வளர்க்கும். மறுபடி முட்டையிட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால் அந்த இடம் நிரம்ப நெடுங்காலம் பிடிக்கும். பார்க்க ஆள் வரும் கூடு என்றால், அந்த மரத்தில் கோடரி படாமல் காப்பதில் ஊருக்கே அக்கறை பிறக்கிறது.

பார்க்க வரும் கூட்டமே தொல்லையாகவும் மாறலாம். ஆறு வளைவை மாற்றியபோது பிரிந்து நின்ற த்ரெஸ் சிம்படாஸ் ஏரியில் ராட்சத நீர்நாய்கள் குடும்பமாக வாழ்கின்றன. மோட்டார் படகு நெருங்கினால் குட்டி வளர்க்கும் குடும்பம் மிரண்டுபோகும். அதனால் இங்கே துடுப்பால் மெதுவாகத் தள்ளும் இரட்டைத் தெப்பம்தான். ஏரியின் ஒரு பகுதிக்குள் பயணிகள் போகவே கூடாது.

நீர்நாய் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும்போது தொண்டையில் வெளிறிய திட்டு தெரியும். கைரேகை போல அது ஒவ்வொன்றுக்கும் வேறு. புதிய திட்டுகள், அதாவது வளர்ந்துவரும் குட்டிகள், ஆண்டுதோறும் தென்படுகின்றனவா என்று பார்த்தே, தெப்பம் நீர்நாய்களிடமிருந்து விலகி நிற்கும் தூரம் போதுமா என்று கணிக்க முடியும்.